கற்பகத்துல போட்ட அப்ளிகேஷன்

இங்கன ஆளு இருக்காக்கா? இல்லியா? அப்ப உக்காந்துக்கிடுதேன். பைய மேல வைக்காண்டாம், மடியிலயே இருக்கட்டும். கோவில்பட்டியிலதான நீங்களும் எறங்குதிய? நல்லதாப் போச்சு. முன்னால ஜன்னலோரமாத்தான் உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு அம்மா, காதுல என்னத்தையோ மாட்டிக்கிட்டு கண்ண மூடிட்டா. எனக்கு அப்பிடி வராது. இங்க இருந்து ஊரு போய்ச் சேருத வரைக்கும் வாய மூடிக்கிட்டு உக்காரணும்னா நான் செத்துருவேன்.

எம் பிள்ளயப் பாத்துட்டு வாரேன். உமையாள்னு பேரு. இங்க தூத்துக்குடியில மீன்வளக் காலேஜுல படிக்கா, முத வருசம் முடியப் போவுது. மீன்வளம்னா மீனப் பத்தின படிப்பு. மீனு எங்க முட்ட போடுது, எப்பிடி வளருது, என்ன சீக்கு வருது, எல்லாம். சிரிக்காதிய. நாங்க சைவம்க்கா. எங்க தெருவுல யாராச்சும் கருவாடு சுட்டா எங்க மாமியா ஊதுபத்தி ரெண்டு சேத்துக் கொளுத்துவாக. அந்த வீட்டுல பொறந்தவ மீன் படிக்கா.

ஆனா எங் கோவம் அது இல்ல. மீனப் படிக்கட்டும், திமிங்கலத்தப் படிக்கட்டும். அப்ளிகேஷன எங்க போட்டா தெரியுமா? கற்பகத்துல. கற்பகம் ஜெராக்ஸ்ல! எனக்குப் போட்டிக் கடையில!

ஒங்களுக்கு எங்க தெரியப் போவுது. கோவில்பட்டியில வடிவு ஆன்லைன் சென்டர்னு கேட்டா சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, ரெண்டு கம்ப்யூட்டரு, ஒரு ஜெராக்ஸ் மிஷினு. அந்த வடிவு நாந்தான். சங்கரவடிவு. பதினாலு வருசமா பிளஸ் டூ முடிச்ச பிள்ளைகளுக்கெல்லாம் அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கேன். இன்ஜினியரிங்கு, ஆர்ட்ஸு, நர்சிங்கு, பாலிடெக்னிக்கு எல்லாம். எங்க ஊர்ல இருந்து போன என்ஜினியருல பாதிப் பேரு எங் கையில தட்டுனதுதான். போட்டோ ஏறலயா, வடிவு அக்காகிட்ட போ. சாதிச் சான்றிதழ் நம்பரு தப்பா, வடிவு அக்காகிட்ட போ. ஓ.டி.பி. வரலயா, அதுக்கும் நாந்தான். எல்லாப் பிள்ளைக்கும் எம் போன் நம்பரத்தான் குடுப்பேன். அதுக அப்பன்மாரு போன எங்கயாச்சும் வச்சிட்டு வந்துருவாக, யாரு அலையது?

எம்புட்டுப் பாத்திருக்கேன் இந்தக் கண்ணால. ஒரு அப்பா வருவாரு, பையன் வடக்க போகக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு, தெக்க இருக்க காலேஜா மட்டும் போடுங்கம்பாரு. தெக்க கடலுதான் அண்ணாச்சி இருக்கும்பேன். ஒரு அம்மா, பிள்ளையோட பொறந்த நாளு கேட்டா தன்னோட கல்யாண நாளச் சொல்லும், அம்புட்டுப் பதட்டம். அந்தச் சீசன்ல பெத்தவுகளுக்குப் புத்தி நெலயா இருக்காதுக்கா. நாமதான் நெலயா நின்னு பாக்கணும். பிள்ளைக பின்னால பெஞ்சுல உக்காந்திருக்கும், போனத் தடவிக்கிட்டு. நானும் பெத்தவுகளும்தான் பேசி முடிப்போம். அதுகளுக்கு என்ன தெரியும் பாவம்?

இருங்க, போன் வருது. ஹலோ... ஆமா அண்ணாச்சி, வடிவுதான். இன்னைக்குக் கடை இல்ல. நாளைக்கு வாங்க. பிள்ளைக்குக் கட் ஆஃப் எவ்வளவு?... நூத்தி எழுபத்தெட்டா? அப்ப மதுரைப் பக்கம் பாக்கலாம்... இல்ல, பிள்ளகிட்டக் குடுக்காண்டாம், நீங்களே சொல்லுங்க... சரி, சரி. வைக்கேன்.

நேத்து ரிசல்ட்டு வந்திருக்குல்லா. காலையில இருந்து இருபது போனு. கடைக்கு வாழ்நாள்ல சீசன் அன்னைக்குப் பூட்டுப் போட்டது இன்னைக்குத்தான். அதுக்கு வாரேன், இருங்க.

போன வருசம் இதே நேரம் எம் பிள்ளைக்கு ரிசல்ட்டு. கட் ஆஃப் நூத்தி எம்பத்தாறரை. நல்ல மார்க்குக்கா. எனக்கு ஒரே ஆசை, கோயமுத்தூர்ல பெரிய காலேஜுல கம்ப்யூட்டர் சயின்ஸ். ஊருக்கெல்லாம் போட்டவ, எம் பிள்ளைக்குச் சும்மா போட முடியுமா? பிள்ள பரீட்ச எழுதும்போதே நான் நோட்டு போட்டுட்டேன். எந்தக் காலேஜுல போன வருசம் எந்த மார்க்குல மூடுச்சு, எங்க ஹாஸ்டல் நல்லா இருக்கு, எங்க வேலைக்கு ஆளெடுக்க வாராக. நான் முன்னால போட்டுவிட்ட பிள்ளைக நம்பரெல்லாம் எங்கிட்ட இருக்கே, ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேட்டேன். நூத்திப் பன்னெண்டு காலேஜு வரிசையா அடுக்குனேன். சாமிக்கு மால கட்டுத மாதிரிக் கட்டுனேன் அந்த வரிசைய.

அவகிட்டக் கேட்டியான்னு எல்லாரும் கேக்காக. இதென்ன கேள்வி? அவ எங்கூடத்தான இருந்தா, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கடையில! ஜெராக்ஸ் மிஷின் பக்கத்துலதான் நின்னா. சொல்லணும்னா சொல்லியிருக்கலாம்லா?

சொன்னா. இல்லன்னு சொல்லல. ரிசல்ட்டு வந்த அன்னைக்கு, "அம்மா, மீன்வளம்னு ஒரு படிப்பு இருக்கும்மா, தூத்துக்குடியிலயே இருக்கு"ன்னா. நான் அப்ப ஒரு பையனுக்குக் கையெழுத்து அப்லோடு பண்ணிட்டிருந்தேன், அது ஏறவே மாட்டேங்குது. "ம்"னேன். "ம்"னா கேட்டுக்கிட்டேன்னுதான அர்த்தம்?

பெறவு ஒரு நாளு அந்தப் படிப்பப் பத்தி முப்பது நாப்பது பக்கம் பிரிண்ட் எடுத்து, பின் அடிச்சு, எம் மேசையில வச்சிருக்கா. எனக்கு என்ன தெரியும்? பின்பக்கமெல்லாம் வெள்ளையா இருந்துச்சு. ஒருபக்கத் தாளு வீணாப் போவக் கூடாதுல்லா, கணக்குப் போட்டுப் பாக்க எடுத்து வச்சிக்கிட்டேன். அந்த வருசம் பாதிப் பிள்ளைக்குக் கட் ஆஃப் அதுலதான் போட்டுப் பாத்தேன். அவ பாத்துக்கிட்டேதான் நின்னா. "அம்மா, அது என்னோடது"ன்னு ஒரு வார்த்த சொன்னாளா? இல்ல. அம்புட்டு அழுத்தம்.

இன்னொண்ணு சொல்லுதேன் கேளுங்க, சிரிப்பிய. சீசன்ல நாங்க டோக்கன் குடுப்போம். கூட்டம் தாங்காது, ஆளுக்கு ஆளு சண்ட போடுவாக. ஒரு நாளு, நாப்பத்தேழுன்னு கூப்பிடுதேன், யாருமே எந்திரிக்கல. நாப்பத்தேழு யாருப்பான்னு கத்துதேன். பாத்தா, பெஞ்சுல மத்த பிள்ளைகளோட பிள்ளையா எம் மக உக்காந்திருக்கா, கையில டோக்கனு! எந்திரிச்சு வந்து எதுத்த நாற்காலியில உக்காந்து, "எனக்கு மீன்வளத்துக்கு அப்ளிகேஷன் போடணும்"ங்கா. கடையில இருந்தவுகெல்லாம் சிரிச்சிட்டாக. எனக்கும் சிரிப்பு வந்துட்டு. "ஏட்டி, வெளையாடுத நேரமா இது? அங்க ஜெராக்ஸ் பேப்பரு சிக்கிக் கெடக்கு, போயிப் பாரு"ன்னேன். டோக்கன மேசையில வச்சிட்டுப் போயிட்டா. அப்பவும் அவ மொகம் சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. நான் பாத்தேனே. பாத்தேன்னுதான் நெனைக்கேன்.

அதுக்குப் பெறவு அவ ஒண்ணுமே கேக்கல. எனக்கு நிம்மதி. சரி, மனசு மாறிட்டா, நம்ம பிள்ள நம்ம சொல்லத் தட்டாதுன்னு நெனச்சேன். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு ரெஜிஸ்டர் பண்ணுனேன், நூத்திப் பன்னெண்டயும் வரிசையா ஏத்துனேன், லாக் பண்ணுனேன். அவ பக்கத்துல நின்னு பாத்தா. "சரியாட்டி?"ன்னேன். "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்மா"ன்னா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு, பெருமையில.

இடையில ரெண்டு காரியம் நடந்துச்சு. அப்ப எனக்கு வெளங்கல. ஒரு நாளு மத்தியானம், கடையில நல்ல கூட்டம், "அம்மா, ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லு"ன்னா. எனக்கு ஒரு நாளைக்கு அம்பது ஓ.டி.பி. வரும். யாருக்கு, எதுக்குன்னா கேட்டுக்கிட்டு இருக்க முடியும்? போன எடுத்து, "ஏழு மூணு ஒம்போது..."ன்னு ஊருக்கே கேக்க வாசிச்சுச் சொன்னேன். இன்னொரு நாளு, அப்பனும் மகளும் கழுகுமல கோயிலுக்குப் போறோம்னு கெளம்புனாக. எங்க வீட்டுல அவுக, பிரமநாயகம்னு பேரு, பருத்தி மில்லுல எடைமேடையில வேல. லாரி ஏறும், எடயப் பாத்து எழுதுவாக, லாரி எறங்கும். பேச்சே இருக்காது. கோயிலு கொளம்னு போவாக, அதனால எனக்குச் சந்தேகமே வரல. சாயங்காலம் வந்து திருநீறு குடுத்தாக. நான் பூசிக்கிட்டேன். அது தூத்துக்குடி சிவன் கோயில் திருநீறு! கேட்டியளா, அப்பனும் மகளும் செஞ்ச வேலய?

கவுன்சிலிங்குல எந்தக் காலேஜுன்னு தெரியுத அன்னைக்கு. ஆடி மாசம் தொடக்கம்னு நெனைக்கேன். கடையில இருபது பேருக்கு மேல. வாசல்ல செருப்பு வைக்க எடமில்ல. நான் ஒவ்வொரு பிள்ளைக்கா தொறந்து பாத்துச் சொல்லுதேன். நாலாட்டின்புத்தூர்ப் பையனுக்கு மதுரையில மெக்கானிக்கல், அவுக அப்பா அங்கனயே துண்டு போட்டு உக்காந்துட்டாரு சந்தோசத்துல. ஒரு பிள்ளைக்கு ஒண்ணும் கிடைக்கல, அடுத்த ரவுண்டு இருக்குத்தான்னு தட்டிக் குடுத்து அனுப்புனேன். எல்லாரும், "ஒங்க பிள்ளைக்குப் பாருங்கக்கா, ஒங்க பிள்ளைக்குப் பாருங்க"ங்காக. கடைசியாப் பாப்போம்னேன். பரிமாறுதவ கடைசியாத்தான சாப்பிடணும்?

கடைசியா எம் பிள்ளையோடதத் தொறந்தேன். பாஸ்வேர்டு போட்டேன். தப்புங்குது. எழுத்து மாறிருச்சு போலன்னு திரும்பப் போட்டேன். தப்பு. ஊரு பிள்ளைக பாஸ்வேர்டெல்லாம் நோட்டுல வச்சிருக்கவ, எம் பிள்ளையோடத மனசுல வச்சிருக்கேன், அது எப்பிடித் தப்பாவும்? மூணாவது தடவ ஒவ்வொரு எழுத்தா அமுக்குனேன். அதுவும் தப்பு. எல்லாரும் ஸ்கிரீனப் பாக்காக.

"ஏட்டி உமை, பாஸ்வேர்டுக்கு என்ன ஆச்சு?"ன்னேன்.

ஜெராக்ஸ் மிஷின் பக்கத்துல நின்னா. கையில யாரோட மார்க் ஷீட்டோ. அதக் கீழ வச்சிட்டு, "நான் மாத்திட்டேம்மா"ன்னா. அன்னைக்கு நான் வாசிச்சுச் சொன்ன ஓ.டி.பி. இதுக்குத்தான்னு அப்பத்தான் வெளங்குச்சு.

"என்னத்துக்கு?"

"நீ பாத்து, சீட்ட ஏத்துக்கிட்டேன்னு அமுக்கிருவேல்லா, அதான். எனக்கு மீன்வளத்துல கிடைச்சிருச்சும்மா. அப்பாவும் நானும் போயிச் சேந்துட்டு வந்துட்டோம்."

சேந்துட்டாளாம்! முதல்ல என்ன செஞ்சேன் தெரியுமா? பீரோவத் தொறந்து அவ ஃபைல எடுத்தேன். மார்க் ஷீட்டு, டி.சி., சாதிச் சான்றிதழ், எல்லாத்தையும் நான் பிளாஸ்டிக் கவருல போட்டு வச்சிருந்தேன். கவரு இருக்கு. உள்ள இருந்ததெல்லாம் ஜெராக்ஸு. கலர் ஜெராக்ஸு, நல்லா எடுத்திருந்தா, எம் மிஷின்லயே. தடவிப் பாத்தாத்தான் தெரியும்.

எதுத்தாப்புல இருபது பேரு. எல்லாப் பிள்ளைக்கும் எதிர்காலம் சொல்லுதவ எம் பிள்ள எங்க படிக்கப் போறான்னு தெரியாம நிக்கேன். அந்த வெக்கத்த நான் என்னன்னு சொல்ல. ஆனா பாருங்க, அப்பவும் நான் அடக்கிக்கிட்டேன். ஒரே ஒண்ணுதான் கேட்டேன். "அப்ளிகேஷன் யாரு போட்டா?"

"நாந்தாம்மா. கற்பகத்துல போயிப் போட்டேன்."

கற்பகம்! செண்பகராஜ் நடத்துதான், நாலு வருசத்துச் சின்னக் கட. அவன் போடுத அப்ளிகேஷன்ல பாதிக்கு இன்ஷியலு முன்னபின்ன இருக்கும், திருத்த எங்கிட்டத்தான் வருவாக. அங்க போயி, வரிசையில நின்னு, எம் மக! ஒங்க அம்மா கடையில என்ன குறைச்சல்னு ஊரு கேக்காதா?

அன்னைக்கே போனேன் அவன் கடைக்கு. கூட்டத்த வெலக்கிட்டு உள்ள போயி, "ஏன்யா, எம் பிள்ளைக்கு நீரு எப்பிடி அப்ளிகேஷன் போடலாம்?"னு கேட்டேன். எந்திரிச்சு நின்னுட்டான். மரியாதக்காரன், அதுல குறை சொல்ல மாட்டேன். "அக்கா, உக்காருங்க. நானும் மொதல்ல போட மாட்டேன்னுதான் சொன்னேன். ஒங்க அம்மாகிட்டப் போகாம இங்க எதுக்கும்மா வந்தேன்னு கேட்டேன்"னான்.

"அதுக்கு என்ன சொன்னா?"

"அங்க கூட்டமா இருக்கு அண்ணாச்சின்னுச்சு."

பாத்தியளா? கூட்டமாம்! எனக்குக் கூட்டம் வாரது எங் குத்தமா? கைராசி இருக்கு, வாராக. இதுக்குப் போயி... அவன் இன்னொண்ணும் சொன்னான். தட்டுனது அவன் இல்லியாம். கம்ப்யூட்டரு முன்னால அவளே உக்காந்து, ஒவ்வொரு கட்டமா வாசிச்சு வாசிச்சுத் தட்டுனாளாம். அரைமணி நேரம். எங்கிட்ட வந்திருந்தா நாலு நிமிசம்.

வீட்டுக்கு வந்து அவுகளப் பிடிச்சேன். ஏன் எங்கிட்டச் சொல்லலன்னு கேட்டேன். சோத்தப் பிசஞ்சுக்கிட்டே, "சொல்ல வந்தேன் வடிவு. ஒனக்குப் போன் வந்துட்டு"ன்னாக. அம்புட்டுத்தான் பேச்சு. பெறவு, கைய கழுவிட்டு வந்து, "பிள்ள அழுதா. எனக்குப் பாக்கப் பொறுக்கல"ன்னாக. எப்ப அழுதான்னு கேட்டேன். "தெனமும்தான்"ன்னாக. நான் தெனமும் அவகூடத்தான்க்கா இருந்தேன். எம் பக்கத்துல நின்னு எப்ப அழுதா? எனக்குத் தெரியவே இல்லியே.

அதுக்குப் பெறவு நான் பேசல அவகிட்ட. நம்புவியளா, நான்! வாயத் தொறக்காம பதினோரு நாளு. "சாப்பிடச் சொல்லுங்க", "துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்க"ன்னு அவுக மூலமாத்தான். பிள்ள எல்லாத்தையும் அதுபாட்டுக்கு எடுத்து வச்சிக்கிட்டா. பன்னெண்டாம் நாளு ஹாஸ்டல்ல விடப் போனோம். ஆபீசுல ஒரு ஃபாரம் குடுத்தாக. எங் கை தானா நீளுது, அவ முந்திக்கிட்டா. மேசையில குனிஞ்சு எழுதுதா. நான் பின்னால நின்னு பாக்கேன். வெரலெல்லாம் ஊறுது எனக்கு. பின்கோடுல ரெண்டு நம்பரு மாத்தி எழுதிட்டா. நான் தொண்டைய செருமுனேன். திரும்பிப் பாத்தா. வெரல வச்சுக் காட்டுனேன். அடிச்சுத் திருத்துனா. அதுல இருந்து பேச ஆரம்பிச்சோம்னு வச்சிக்கிடுங்களேன்.

இந்த ஒரு வருசத்துல நாலு தடவ வந்தேன் இங்க. ஒவ்வொரு தடவயும், அடுத்த வருசம்னாலும் இன்ஜினியரிங்கு மாறிக்கலாம்ட்டின்னு பேப்பரெல்லாம் கொண்டாருவேன். அவ வாங்கி மடிச்சு வச்சிக்கிடுவா. போன தடவ வந்தப்ப, "அம்மா, லேப்புக்கு வா, ஒண்ணு காட்டணும்"னா. சரின்னு எந்திரிச்சேன். அதுக்குள்ள கூடப் படிக்குத பிள்ளைக நாலு பேரு வந்துட்டாக. ஏதோ ஸ்காலர்ஷிப் ஃபாரம், போன்லயே போடணுமாம், தப்புத் தப்பா வருதாம். "ஆன்ட்டி, நீங்கதான் எல்லாம் போடுவீங்களாம்லா, உமை சொல்லுவா"ன்னாக. சொல்லியிருக்கா பாருங்க என்னயப் பத்தி! நாலு பேருக்கும் அங்கனயே மரத்தடியில உக்காந்து போட்டுக் குடுத்தேன். முடிக்கவும் பஸ்ஸுக்கு நேரமாயிட்டு. அவ பக்கத்துலயேதான் நின்னா. பாதி வழி வந்த பெறவுதான் ஞாபகம் வந்துச்சு, என்னமோ காட்டணும்னாளேன்னு. போன் போட்டுக் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, பெறவு பாக்கலாம்"னுட்டா.

போன வாரம் அவளே கூப்பிட்டா. "அம்மா, வியாழக்கெழம வாறியா? மீனு முட்ட வைக்கப் போறோம். ஒரு நாளுதான் பாக்க முடியும், மறுநாளு பொரிஞ்சிரும்." முட்டன்னதும் எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நாளப் பாத்தா, ரிசல்ட்டுக்கு மறுநாளு! வருசத்துலயே கூட்டம் அம்முத நாளு. "ஏட்டி, அன்னைக்கு எப்பிடி வர முடியும்? வேற நாளு முட்ட வையேன்"னேன். சரிம்மான்னு வச்சிட்டா.

எங்க வீட்டுல அவுக பக்கத்துல உக்காந்து பேப்பர் பாத்துட்டிருந்தாக. தலயத் தூக்காமயே, "நீ போகலன்னா நான் போறேன்"னாக. எனக்குச் சுரீர்னுச்சு. இன்னொரு தடவ அப்பனும் மகளுமா சேந்து, நான் தெரியாம நிக்கவா? அந்த வீம்புலதான்க்கா கெளம்புனேன், உண்மையச் சொல்லணும்னா. பாசத்துல இல்ல, வீம்புல. காலையில கடை வாசல்ல ஒரு அட்டைய எழுதித் தொங்கவிட்டேன். இன்று விடுமுறை, அவசரம் என்றால் கற்பகத்தில் பார்க்கவும். எழுதும்போது பேனா ஓடல. எழுதிட்டேன்.

போயிப் பாத்தா, ஒரு நீளமான ரூமு. கண்ணாடித் தொட்டியா அடுக்கி வச்சிருக்காக. கறிக்கு இல்லக்கா, அழகுக்கு வளக்குத மீனு, வெரல்ல பாதி நீளம், வரி வரியா. எம் பிள்ள வெள்ளக் கோட்டு போட்டுக்கிட்டு நிக்கா. ஒரு சின்னக் கிண்ணத்துல தண்ணியக் கொண்டாந்து மைக்ராஸ்கோப்புல வச்சா. "பாரும்மா"ன்னா. நான் குனியும்போதே, "ஏட்டி, இது முடிச்சா வேலைக்கு யாரு கூப்பிடுவா, கவர்மென்ட்டா பிரைவேட்டா?"ன்னேன். "அம்மா, ஒரு நிமிசம் பேசாமப் பாரு"ன்னா. கோவமா இல்ல. கெஞ்சுத மாதிரி.

பாத்தேன். முதல்ல ஒண்ணும் தெரியல, எங் கண்ணு மயிருதான் தெரிஞ்சுச்சு. அவ பின்னால இருந்து எந் தலையப் பிடிச்சு, பைய ஒரு பக்கமா சாச்சா. தெரிஞ்சுச்சு. உருண்டையா, கண்ணாடி மணி மாதிரி. உள்ள சுருண்டு கெடக்கு ஒண்ணு, வாலு தெரியுது, கண்ணு ரெண்டு கருப்பாத் தெரியுது. அதுக்குக் கீழ என்னமோ அடிச்சுக்கிட்டே இருக்கு. டுப் டுப் டுப்புன்னு. சத்தம் இல்ல, ஆனா சத்தம் கேக்குத மாதிரியே இருக்கு.

"என்னட்டி இது அடிக்குது?"

"இதயம்மா. நேத்துதான் அடிக்க ஆரம்பிச்சுச்சு. நான் பாத்துக்கிட்டே இருக்கும்போதே ஆரம்பிச்சுச்சும்மா."

அவ சொன்னதக் கேக்கணும் நீங்க. நேத்து ஊரு பூரா ரிசல்ட்டு பாத்துக்கிட்டு இருக்கோம், எம் பிள்ள இங்க இதப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. எம்புட்டு நேரம் குனிஞ்சு நின்னேன்னு தெரியல. இடுப்பு வலிச்ச பெறவுதான் நிமிந்தேன். அவ என்னென்னமோ சொல்லிக்கிட்டே இருந்தா, எந்த மணி நேரத்துல கண்ணு வரும், எப்ப ரத்தம் ஓடும்னு. அவ அம்புட்டுப் பேசி நான் கேட்டதே இல்லக்கா. எங்க வீட்டுல பேசுதவ நான் ஒருத்திதான்னுல்லா நெனச்சேன்.

பெறவு கேன்டீன்ல டீ குடிச்சோம். அங்க வச்சுத்தான் கேட்டேன், ஒரு வருசமா நெஞ்சுல கெடந்தத. "எல்லாம் சரிட்டி. ஏன் கற்பகத்துல போயிப் போட்ட? நான் போட்டுத் தர மாட்டேன்னா சொன்னேன்?"

கொஞ்ச நேரம் கிளாஸத் திருப்பித் திருப்பி வச்சா. "நீ போட்டிருந்தாலும் இதே சீட்டு கிடைச்சிருக்கும்மா. ஆனா நீ போட்ட சீட்டா இருந்திருக்கும்"னா.

எனக்குப் புரியலக்கா. சீட்டுன்னா சீட்டுதான? யாரு தட்டுனா என்ன? ஒங்களுக்குப் புரியுதா? பஸ் ஏறுனதுல இருந்து அதத்தான் நெனச்சுக்கிட்டு வாரேன். கோவப்பட்டுச் சொல்லல அவ. சொல்லிட்டு, எங் கையில இருந்த பிஸ்கட்டுல பாதிய ஒடச்சு எடுத்துக்கிட்டா.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தா. நான் ஜன்னலோரமா உக்காந்தேன், பஸ்ஸு எடுக்குத வரைக்கும் கீழ நிக்கா. மத்த நாளா இருந்தா நான் ஜன்னல் வழியா நூறு சொல்லியிருப்பேன். எண்ண தேச்சுக் குளி, தயிர ஒதுக்காதே, அந்த ஃபாரத்தப் பாரு, அந்தப் பிள்ளகூடச் சேராதே. இன்னைக்கு ஒண்ணுமே சொல்லல. ஏன்னு தெரியல. அவளும் சொல்லல. சும்மா பாத்துக்கிட்டு இருந்தோம். பஸ்ஸு நகரவும் கையக் காட்டுனேன், அவளும் காட்டுனா. வளைவுல திரும்புத வரைக்கும் நின்னா. எப்பவும் நிக்க மாட்டா, நான் பேசிட்டே இருக்கும்போதே, "சரிம்மா, சரிம்மா"ன்னு திரும்பிருவா. இன்னைக்கு நின்னா.

வாய மூடிக்கிட்டுக் கையக் காட்டுததுக்கு எம்புட்டுப் பாடுன்னு தெரியுமா ஒங்களுக்கு? அந்த ஜன்னலோரத்துல உக்கார முடியாமத்தான் எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்தேன். அங்க அடக்குனத எல்லாம் ஒங்ககிட்டக் கொட்டிட்டேன், பாவம் நீங்க.

இந்தா, எட்டயபுரம் தாண்டியாச்சு. கேட்டியளா, இம்புட்டு நேரம் பேசிட்டு வாரேன், நீங்க யாரு, எதுக்குத் தூத்துக்குடி வந்திய, ஒங்களுக்குப் பிள்ள குட்டி இருக்கா, ஒண்ணுமே நான் கேக்கல. பேரு கூடக் கேக்கல.

சொல்லுங்கக்கா. நான் கேக்கேன்.